அழிக்காதே என்று பெயரிட்ட சாவி

ஒரு சாவியை உருவாக்கியதும் அது ஒரே ஒரு முறைதான் கணினித் திரையில் தெரியும். உடனே எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். ஜன்னலை மூடிவிட்டால் போச்சு, நிறுவனத்தின் முதலாளியே வந்து கெஞ்சினாலும் மறுபடி காட்டாது. இவ்வளவுதான் விஷயம். இதை எங்கள் பொறியாளர்களுக்குப் புரிய வைப்பதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். சாவியை வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார்கள். ஒரு மகானுபாவர் பிறந்தநாள் கேக்கோடு எடுத்துப் போட்ட செல்ஃபியில், அவருடைய பல்லைவிடப் பளிச்சென்று பின்னால் திரையில் சாவி தெரிந்தது. நான் போய்க் கத்துவேன். அந்தச் சாவியைக் கொன்றுவிட்டு வேறு போட்டுக் கொடுப்பேன். ஆபீஸில் எனக்கு 'சாவியக்கா' என்று பெயர். அமுதவல்லி என்ற சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

சாவி என்றதும் இரும்பை நினைக்க வேண்டாம். ஏபிஐ சாவி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு சரம். ஒரு கருவி இன்னொரு கருவியிடம் போய் வேலை சொல்லும்போது, "நீ யார், உனக்கு என்ன உரிமை?" என்று அது கேட்கும். அப்போது காட்ட வேண்டியது இதைத்தான். யார் காட்டினாலும் கதவு திறக்கும். திருடன் காட்டினாலும்.

எங்கள் நிறுவனத்தின் பெயர் மறுகுரல். கோயம்புத்தூரில், அவிநாசி சாலையில் இருந்தது. புற்றுநோயிலோ பக்கவாதத்திலோ விபத்திலோ குரலை இழந்தவர்களுக்குக் கழுத்தில் ஒரு பட்டை கட்டிவிடுவோம். அவர்கள் பேச நினைக்கும்போது தொண்டைத் தசைகளில் உண்டாகும் சின்னத் துடிப்பைப் பட்டை பிடித்து எங்கள் சர்வருக்கு அனுப்பும். கண் சிமிட்டும் நேரத்தில் அது சொல்லாகத் திரும்பி, அவர்களுடைய பழைய குரலிலேயே ஒலிக்கும். முதல் தடவை தன் குரலைக் கேட்டு அழாதவர்களை நான் பார்த்ததில்லை. நானும் கூடவே அழுதிருக்கிறேன்.

பட்டை பேசுவதற்கான சாவி அந்தந்த நோயாளியின் பெயரில், அவருடைய பட்டைக்குள்ளேயே இருக்கும். அதில் நாங்கள்கூடக் கை வைக்க முடியாது. ஆனால் இன்னொரு வகைச் சாவி இருந்தது. மாற்றுச் சாவி. பக்கவாதம் வந்தவர்கள் 'தண்ணீர்' என்று நினைத்து 'ஜன்னல்' என்பார்கள். பயிற்சியாளர் எதிரில் உட்கார்ந்து, தவறான சொல்லை எடுத்துவிட்டுச் சரியான சொல்லை வைப்பார். அதற்காகச் செய்தது. யோசித்துப் பாருங்கள், ஒருவர் வாயிலிருந்து வரும் சொல்லை இன்னொருவர் மாற்றலாம். அதனால் விதிகள் கடுமையாக இருந்தன. ஒரு நோயாளிக்கு ஒரு சாவி. மாலைக்குள் காலாவதி. எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். ஒருத்தி நான், இன்னொருவன் ஜாபர்.

ஜாபர் என்னைவிட இளையவன், பயந்த சுபாவம். லிஃப்ட் குலுங்கினாலே கலிமா சொல்ல ஆரம்பிப்பான். ஆனால் பொய்ச்சாவி வைப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. பொய்ச்சாவி எந்தக் கதவையும் திறக்காது. திருடன் கண்ணில் படும்படி பழைய கோப்புகளுக்குள் போட்டு வைப்போம். எவனாவது எடுத்துப் பயன்படுத்தினால் எங்கள் இருவர் போனும் அலறும். அதற்கு வைக்கிற பெயரில்தான் சூட்சுமம். எங்கள் தொழிலில் ஒரு வினோதம் உண்டு: பெயரில் 'அழிக்காதே' என்று இருந்தால் எவனும் அழிக்க மாட்டான். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. எடுத்தால் எங்கேயாவது ஏதாவது நின்றுபோகுமோ என்று பயம். நாளாக நாளாக அந்தப் பயமே, இது முக்கியமான சாவிதான் என்ற நம்பிக்கையாகிவிடும். நாங்கள் வைத்த எல்லாப் பொய்ச்சாவிக்கும் வாலில் 'அழிக்காதே' இருக்கும். எது பொய், எது நிஜம் என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நந்தகோபன் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் தொழில்நுட்பத் தலைவர். மாற்றுச் சாவியைக் கண்டுபிடித்தவரே அவர்தான், பக்கவாதத்தில் விழுந்த தன் அப்பாவுக்காக. கெட்ட மனுஷன் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அமுதா, ஒரு மாற்றுச் சாவி வேணும். காலாவதி வேண்டாம். பேரும் போட வேண்டாம்."

"யாருக்கு சார்?"

"பார்ட்னர் சைடுல கேக்கறாங்க. தரத்தை மேம்படுத்தறதுக்கு."

"பேரில்லாத சாவி நான் போடறதில்லையே சார். எல்லா நோயாளிக்குமா, ஒருத்தருக்கா?"

அவர் போனைப் பார்த்தார். "ஒருத்தருக்குப் போதும்" என்று சொல்லிப் பட்டை எண்ணைச் சொன்னார்.

எனக்கு அந்த எண் தெரியும். நான்தான் அந்தப் பட்டைக்கு முதல் சாவி போட்டேன். மயிலாத்தாள். ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் ஆலையில் வேலை செய்தவர். ஒருநாள் அங்கே வாயு கசிந்து ஏழு பேர் செத்தார்கள். மயிலாத்தாளுக்கு உயிர் தப்பியது, குரல்வளை வெந்துபோனது. கசிவு வந்தால் அலற வேண்டிய சைரன் அன்றைக்கு அலறவில்லை. அடிக்கடி அலறி வேலை கெடுகிறது என்று யாரோ அணைக்கச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னவரைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, உயிரோடு மிஞ்சியது மயிலாத்தாள் மட்டும்தான். வியாழக்கிழமை விசாரணை ஆணையத்தின் முன்னால் அவர் சாட்சி சொல்லப் போகிறார். பேப்பரில் படம் வந்திருந்தது.

அந்த ஆலையின் முதலாளிகள் போன மாதம்தான் எங்கள் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியிருந்தார்கள்.

"சார், வியாழக்கிழமை அந்தம்மா சாட்சி சொல்றாங்க."

"தெரியும்."

"அவங்க வாயில வேற வார்த்தை வெக்கப் போறாங்க. அதுக்குத்தானே?"

நந்தகோபன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரே ஒரு பதில், அமுதா. 'ஞாபகம் இல்ல'ன்னு ஒரு பதில். அது கிடைக்கலேன்னா அவங்க பணத்தை எடுத்துட்டுப் போயிடுவாங்க. சர்வரை மூடணும். நாலாயிரம் பேர் மறுபடி ஊமையாயிடுவாங்க. எங்கப்பாவும்தான். நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

அந்த நாலாயிரம் பேரில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். தீபாவளிக்குப் போன் செய்து, பேச முடிகிறது என்பதற்காகவே பேசுகிறவர்கள். ஆனாலும் நான் விடவில்லை.

"சார், ஒருத்தர் வாயை வித்து மத்தவங்க வாயைக் காப்பாத்தினோம்னா, அப்புறம் அந்த நாலாயிரம் பேர்ல எவர் வாயில எவன் பேசறான்னு யாருக்குத் தெரியும்? உங்கப்பா 'நல்லா இருக்கேன்டா'ன்னு சொன்னா, அதைச் சொன்னது அவர்தான்னு நம்புவீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லு. முடியாதுன்னா, நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

*

ஓட்டுநர் இல்லாத டவுன் பஸ்ஸைப் பிடித்துச் சிங்காநல்லூர் போனேன். மயிலாத்தாள் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அணைத்தார். கழுத்துப் பட்டையில் பச்சை விளக்கு மினுங்கியது.

"வாங்கம்மிணி. என்னுங்க, வேல நாள்ல இந்தப் பக்கம்?"

நடந்ததைச் சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. கடைசியில் கையிலிருந்த சட்டினிக் கிண்ணத்தை நங்கென்று வைத்தார்.

"என்ற வாய்க்குள்ள அவிய பேசுவாங்களாக்கும்? எரிச்சது பத்தலயாமா?"

"நான் சாவி தர மாட்டேன்க்கா. ஆனா நான் போயிட்டா வேற வழி பாப்பாங்க."

"இப்பவே வக்கீலய்யாகிட்டச் சொல்லிப்போடலாமுங்க."

"சொல்லலாம். ஆதாரம் என்ன இருக்கு? அவர் வாயால கேட்டார், நான் காதால கேட்டேன், அவ்வளவுதான். 'இந்தப் பட்டையில யாரு வேணும்னாலும் வேற வார்த்தை வெக்கலாம்'னு நாமளே போய்ச் சொன்னா, அவங்க வக்கீல் என்ன சொல்வாரு? அப்ப இந்தக் கருவி பேசறதை நம்பவே கூடாது, சாட்சியே செல்லாதும்பாரு."

மயிலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவிய கையும் களவுமா மாட்டோணும்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு. உங்க சம்மதம் வேணும்." பொய்ச்சாவி என்றால் என்ன என்று சொன்னேன். "உங்க பட்டை பேர்ல ஒண்ணு வெக்கறேன். அதை எவனாவது பயன்படுத்தினா, அவன் வெச்ச வார்த்தை வராது. அதுக்குப் பதிலா உங்க அவசர வாக்கியத்தைப் பட்டை தானாப் பேசற மாதிரி பண்ணிடறேன்."

அவசர வாக்கியம் எல்லாப் பட்டையிலும் உண்டு. மூச்சுத் திணறும்போது ஒரு பொத்தானை அழுத்தினால், முன்பே சொல்லி வைத்த ஒரு வாக்கியம் ஒலிக்கும். பெரும்பாலும் 'டாக்டரைக் கூப்பிடுங்கள்' என்று வைத்திருப்பார்கள்.

"அதுல என்ன சொல்லோணும்?"

"அது உங்க இஷ்டம். நான் வெளியில நிக்கறேன். எனக்குத் தெரியக் கூடாது. எனக்கே தெரியலேன்னா, என்னை மிரட்டியும் யாரும் வாங்க முடியாது."

மயிலாத்தாள் சிரித்தார். பட்டையில் சிரிப்பு வராது. காற்று மட்டும் வரும். "நல்ல ஆளம்மிணி நீயி" என்றார்.

வாசலில் நின்றேன். உள்ளே அவருடைய குரல் ஏதோ சொன்னது, காதைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

*

ஆபீஸுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மயிலாத்தாளின் பழைய பயிற்சிக் கோப்புக்குள் பொய்ச்சாவியை வைத்தேன். பெயர்: 'பயிற்சி_மயிலாத்தாள்_பழையது_அழிக்காதே'. பொய்ச்சாவி வைத்தால் இன்னொருவருக்கும் தானாகத் தகவல் போகும். எதிர்வரிசையில் ஜாபர் போனை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். எனக்குத் திக்கென்றது. இவன் பயந்தாங்கொள்ளியாயிற்றே, நந்தகோபன் ஒரு அதட்டுப் போட்டால் கொட்டிவிடுவானே.

சாயங்காலம் நந்தகோபன் முன்னால் போய் நின்றேன்.

"முடியாது சார்."

"இன்னொரு தடவை யோசி."

"யோசிச்சாச்சு. அவங்க குரலை அவங்ககிட்ட குடுத்தது நாம. திருப்பி எடுக்கற உரிமை நமக்கில்ல. உங்களுக்கும் இல்ல, பங்கு வாங்கினவனுக்கும் இல்ல. என்னை நீக்கறதுன்னா நீக்கிக்கோங்க."

கொஞ்ச நேரத்தில் என் கணக்கை முடக்கினார்கள். காவலாளி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வாசல்வரை கூடவே வந்தார். பத்து வருஷம் வணக்கம் சொன்ன மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஜாபர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் டிபன் பாக்ஸ் அவன் மேஜையிலேயே இருந்தது. அதைக்கூட நீட்டவில்லை. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

ஆனால் லிஃப்டில் இறங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்து, அழுகையோடு சிரிப்பும் வந்தது. ஆள் போனால் அவர் போட்ட சாவியெல்லாம் சாகும். அது நான் எழுதிய விதி, கையெழுத்துப் போட்டது நந்தகோபன். உயிரோடிருந்த மாற்றுச் சாவி எல்லாம் நான் போட்டவை. என் கணக்கை முடக்கிய நொடியில் அத்தனையும் செத்திருக்கும். புதிதாகப் போட இரண்டு பேர் வேண்டும். ஜாபர் ஒருவன்தான் மிச்சம். இன்னொருவரை நியமித்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். தலைவரே ஆனாலும் குறுக்கு வழி கிடையாது, அதுவும் அவர் போட்ட கையெழுத்துதான். என்னை வெளியே தள்ளியதன் மூலம் தன் கதவைத் தானே பூட்டிக்கொண்டார். இனிமேல் அவர் பழைய கோப்புகளைத்தான் துழாவ வேண்டும். செத்த சாவிகளின் நடுவே ஒன்று மட்டும், காலாவதி போடாமல், உயிரோடிருப்பதுபோல் கிடக்கும். பொய்ச்சாவி சாகாது, அதற்கு உயிரே இருந்ததில்லையே.

*

வியாழக்கிழமை கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. ஆணையத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. செத்தவர்களின் குடும்பங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆலைத் தரப்பில் ஒரு பெரிய வக்கீல், அவருக்குப் பின்னால் மடிக்கணினியோடு ஒரு சின்ன வக்கீல். ஆலை முதலாளியின் மகன் அவர்களுக்கு அருகில் கால்மேல் கால் போட்டிருந்தார். நந்தகோபன் சுவரோரமாக உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் ஒரு நாற்காலியில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மயிலாத்தாள் நிமிர்ந்து நின்று பேசினார். என்ன வேலை, எந்த ஷிஃப்ட், புகை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது எல்லாம் சொன்னார்.

"சைரனை அணைக்கச் சொன்னது யார்?" என்று நீதிபதி கேட்டார்.

மயிலாத்தாள் உதடு அசைந்தது. பட்டையின் பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. அவருடைய குரல் அரங்கு முழுக்க உரக்கக் கேட்டது:

"சைரன அமுத்துனவிய மறுக்காவும் வந்திருக்காங்க. இப்பப் பேச வந்தது நானில்லீங்க. என்ற வாய்க்குள்ள எவனோ கைய உடறான். அவன் ஆருன்னு கேளுங்க."

அரங்கில் ஒரே கூச்சல். பெரிய வக்கீல் துள்ளி எழுந்து நீதிபதியைப் பார்த்தார். "அம்மா, கருவிக் கோளாறு! இதை எப்படிச் சாட்சியமா எடுத்துக்க முடியும்?"

நான் போனைப் பார்த்தேன். அது அலறவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. எச்சரிக்கை வருவது என் ஆபீஸ் கணக்குக்கு. அதைத்தான் முடக்கிவிட்டார்களே! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த சாவியக்கா, ஆள் போனால் அவளுடைய காதும் போய்விடும் என்பதை மறந்துவிட்டேன். எவன் கையை விட்டான், எங்கிருந்து விட்டான் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் 'கருவிக் கோளாறு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். மயிலாத்தாள் என்னைத் தேடிப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"கோளாறு இல்லம்மா."

பின்வரிசையிலிருந்து வந்தது குரல். நடுக்கம் இருந்தாலும் தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜாபர் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் என் டிபன் பாக்ஸ்.

"என் பேரு ஜாபர். மறுகுரல் நிறுவனத்துல சாவிகளுக்கு ஒப்புதல் குடுக்கற ரெண்டாவது ஆளு. இவங்க பட்டையில வார்த்தையை மாத்தறதுக்கு இப்ப ஒரு சாவி பயன்பட்டிருக்கு. வந்த இடம் இந்த ஹால் வைஃபைதான். எந்த மெஷின்னும் இதுல இருக்கு. அவங்க வெக்கப் பாத்த வார்த்தையும் இருக்கு." அவன் போனைப் பார்த்துப் படித்தான். "'மன்னிக்கவும், எனக்குச் சரியாக நினைவில்லை.'"

சின்ன வக்கீலின் கை மடிக்கணினியை மூடப் போனது.

"யாரும் எதையும் மூட வேண்டாம்" என்றார் நீதிபதி. போலீஸ்காரர் ஒருவர் அந்த மேஜையை நோக்கி நடந்தார்.

மடிக்கணினியைக் கைப்பற்றி, போனிலிருந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், ஜாபர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன்டா அன்னிக்கு என் முகத்தைப் பாக்கல?"

"பாத்தா அழுதிருப்பேன்க்கா. அழுதிருந்தா சார் கண்டுபிடிச்சிருப்பாரு." குரலைத் தாழ்த்தினான். "நேத்து சார் அந்தச் சாவியை எடுத்துட்டு வந்து, 'இது வேலை செய்யுமா, சோதிச்சுப் பாரு'ன்னாரு. சோதிச்சிருந்தா அங்கேயே அலறியிருக்கும். 'சோதிச்சா பதிவுல விழும் சார், வேண்டாம். அழிக்காதேன்னு போட்டிருக்கு பாருங்க, கட்டாயம் வேலை செய்யும்'னு சொல்லிட்டேன்."

"பயமா இல்லையா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு." டிபன் பாக்ஸை என் மடியில் வைத்தான். "கழுவிட்டேன்க்கா."

சுவரோரம் நந்தகோபன் இரண்டு கையிலும் முகத்தைப் புதைத்திருந்தார். சர்வர் நாளைக்கு ஓடுமா, அவருடைய அப்பா நாளைக்குப் பேசுவாரா என்று எனக்குத் தெரியாது. அந்த நாலாயிரம் பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும், சொல்வேன். ஆனால் இன்றைக்கு அவர்கள் வாயிலிருந்து வருவது அவர்களுடைய சொல்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நீதிபதி மயிலாத்தாளைப் பார்த்தார். "அம்மா, வேற கருவி ஏற்பாடு பண்ணி இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?"

பட்டையில் பச்சை விளக்கு திரும்பி வந்திருந்தது. மயிலாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேண்டாமுங்க. ஏனுங்க, பொய் வெக்கறவன் என்ற பேச்சுலயாச்சும் வெச்சிருக்கக் கூடாதா? நான் எந்தக் காலத்துலீங்க 'மன்னிக்கவும்'னு சொல்லீருக்கறேன்?"

முதல் வரிசையில் யாரோ அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"இப்ப நானே பேசறனுங்க" என்றார் மயிலாத்தாள். "நீங்க கேட்டத மறுக்காக் கேளுங்க."

"சைரனை அணைக்கச் சொன்னது யார்?"

மயிலாத்தாள் கையை நீட்டி, கால்மேல் போட்ட காலை அதற்குள் கீழே இறக்கியிருந்த ஆலை முதலாளியின் மகனைக் காட்டினார். பெயரை முழுதாகச் சொன்னார், அவருடைய அப்பா பெயரோடு.